அன்னைக்கு நீதானா?

“என் பெஞ்சாதிக்கு உயிர் போன நேரத்துல நான் எந்தச் சாமி முன்னால நின்னுக்கிட்டு இருந்தேன்? அதை மட்டும் சொல்லுங்க தாயி. நான் எந்திரிச்சுப் போயிருதேன்.”

கேட்டவர் ஆவுடையப்பன். அறுபதைத் தாண்டிய மனுஷன். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்துப் பேரோடு இருந்தவர். இப்போது தோளில் ஒரு துணிப்பை, கக்கத்தில் சுருட்டிக் கட்டிய ஒரு கோரைப் பாய். அவ்வளவுதான் அவரிடம் மிச்சம்.

கேட்கப்பட்டவள் உலகம்மை. அவருக்கு மகள் வயதுதான் இருக்கும். மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டி ஒரு மடம். அவளுடைய குரு கண்ணை மூடும்போது சாவிக்கொத்தை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கிழவர்களும் அவளைத் தாயி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“விவரமாச் சொல்லுங்க அண்ணாச்சி.”

அவர் சொன்னார்.

மனைவி பிரமுவுக்குக் காய்ச்சல். பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரியிலும் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய் வேண்டியதைச் செய்து கொடுங்கள் என்றார்கள். ஆவுடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. மனுஷன் கைவிட்டால் சாமி என்று கிளம்பினார். ஒரே நாளில் ஊரில் உள்ள ஐந்து கோவிலையும் சுற்றி வந்துவிடுவது என்று கணக்கு.

“போகாதீய” என்றாள் பிரமு. “பக்கத்துலயே இருங்க.”

“இன்னா வந்திருதேன்” என்றார்.

அரசமரத்தடிப் பிள்ளையார். ஆற்றங்கரைச் சிவன். ஊர் எல்லையில் அம்மன். குன்றின் மேல் முருகன். மேலத்தெருப் பெருமாள். விபூதி, குங்குமம், துளசி எல்லாவற்றையும் வேட்டி முனையில் தனித்தனியாக முடிந்துகொண்டு, ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்குள் நுழைந்தார்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. நிறையச் செருப்புகள்.

“பக்கத்து வீட்டுச் சொர்ணந்தான் கடைசியா அவ குரலக் கேட்டது. எங்க அடுப்படியில நின்னாளாம். இவ யாரையோ ‘வாங்க வாங்க’ன்னு கூப்பிடுதாளாம். ‘உள்ள வாங்க, உக்காருங்க. தப்பா நெனச்சுக்கிடாதீய, பாய் விரிக்கக்கூட ஆளில்ல. எந்திரிச்சு ஒரு வாய் தண்ணி தர எனக்கும் தெம்பில்ல. அவுக வெளிய போயிருக்காவ, இப்ப வந்திருவாவ’ன்னு.”

“சொர்ணம் என்ன செஞ்சா?”

“‘யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்கே பிரமு’ன்னு கேட்டுக்கிட்டே வந்து எட்டிப் பாத்திருக்கா. யாரையும் காணல. காச்சப் பினாத்தல்னு நெனச்சு, கஞ்சி ஆத்தி எடுத்துட்டு வரப் போனா. வந்து பாத்தா…”

கக்கத்துப் பாயை இன்னும் இறுக்கிக்கொண்டு, அவர் மேலே சொன்னார்.

“எந்நேரம் இருக்கும்னு கேட்டேன். ‘பொழுது சாய்ஞ்ச நேரம் அண்ணாச்சி, நான் என்ன கடிகாரத்தையா பாத்துக்கிட்டு இருந்தேன்’ங்கா. பொழுது சாயும்போது நான் எங்க இருந்தேன்? அம்மன் முன்னால அழுதுக்கிட்டு இருந்தேனா? முருகன் கோவில் படியேறிப் போய் நின்னேனா? பெருமாள் கோவில்ல திரை போட்டிருந்தாவளே, திரை எப்ப விலகும்னு பாத்துக்கிட்டே கெடந்தேனா? நெனச்சு நெனச்சுப் பாத்துட்டேன் தாயி. பிடிபடல.”

“சரி.”

“ஏதோ ஒரு சாமி முன்னால நான் கைகூப்பி நிக்கேன். அங்க அவ போறா. அது அந்தச் சாமிக்குத் தெரியும். தெரிஞ்சும், ‘ஏல ஆவுடையப்பா, வீட்டுக்குப் போல’ன்னு ஒரு வார்த்தை சொல்லல. அது எந்தச் சாமி?”

“தெரிஞ்சா?”

“அதை விட்டுட்டு மத்த நாலையும் கும்பிடுவேன். இப்ப அஞ்சையும் கும்பிட முடியல. எதைப் பாத்தாலும் இதுதானோன்னு இருக்கு. கை கூட மாட்டேங்கு.”

கையைத் தூக்கிக் காட்டினார். பித்தளையும் செம்பும் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கைகள்.

உலகம்மை முறத்தை ஒரு தட்டுத் தட்டிக் கீழே வைத்தாள்.

“கக்கத்துல என்ன பாய் அண்ணாச்சி?”

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. சாமியைப் பற்றிக் கேட்டால் பாயைப் பற்றிக் கேட்கிறாளே.

“விருந்தாளிக்குன்னு அவ எடுத்து வச்சிருந்த பாய். வீட்டு ஆளுக யாரும் அதுல உக்காரக்கூடாதுன்னு சட்டம். அவ படுத்திருந்த பாய் அவளோட போயிட்டு. இது மிஞ்சிட்டு.”

“விரிங்களேன். ரெண்டு பேரும் உக்காந்து பேசுவோம்.”

“இல்ல தாயி. அன்னைக்கு விரிக்க ஆளில்லாமப் போச்சுல்லா. இனி இதை விரிச்சு என்ன?”

அவள் வற்புறுத்தவில்லை. எழுந்து தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினாள். வேம்பும் அரளியுமாக நின்ற நிழலுக்குள் ஐந்து சிறிய சன்னதிகள்.

“நீங்க சொன்ன அதே அஞ்சு பேரும் இங்கயும் இருக்காவ. நீங்களே கேட்டுக்கிடுங்க.”

“கல்லு பேசுமா தாயி?”

“பேசாதா?”

“எங்கயாவது பேசியிருக்கா?”

“அப்போ அன்னைக்கு மட்டும் ‘வீட்டுக்குப் போல’ன்னு எப்படிச் சொல்லும்?”

ஆவுடையப்பன் துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். அன்று அவர் ஊருக்குத் திரும்பவில்லை.

---

மடத்தில் சும்மா இருந்தால் சோறு இறங்காது. உலகம்மை அவருக்கு ஒரு வேலை கொடுத்தாள். விடிந்ததும் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து ஐந்து சன்னதிக்கும் வைக்க வேண்டும்.

“வைக்கேன். ஆனா கும்பிட மாட்டேன்.”

“கும்பிடச் சொன்னேனா? தண்ணி எடுங்க.”

எடுத்தார். சன்னதி முன்னால் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்பார்:

“அன்னைக்கு நீதானா?”

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். பதில் வராது. அடுத்த சன்னதிக்குப் போவார்.

போகப் போக, ஒவ்வொரு சாமியிடமும் ஒவ்வொரு தினுசாகக் கேட்கப் பழகிவிட்டார். பிள்ளையாரிடம் அதட்டிக் கேட்க மனசு வரவில்லை. தொந்தியும் தும்பிக்கையுமாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் போய் என்னவென்று அதட்டுவது? “நீயா இருக்காது. இருந்தாலும் கேட்டு வைக்கேன்” என்பார். சிவனிடம் பேச்சே ஒன்றிரண்டுதான். சுடுகாட்டில் குடியிருக்கிறவரிடம் சாவைப் பற்றி என்ன வழக்காடுவது என்று ஒரு தயக்கம். முருகனிடம் மட்டும் நேருக்கு நேர் சண்டை போடுவார். “அத்தனை படி ஏற வச்சியே, எறங்கிப் போன்னு ஒரு வார்த்தை சொன்னியா? வேல் எதுக்கு, அழகுக்கா?”

பெருமாள் மேல்தான் சந்தேகம் அதிகம். திரை போட்டது அவர்தானே.

“மறைக்க ஒண்ணும் இல்லேன்னா திரை எதுக்கு?” என்று ஒரு நாள் சத்தமாகவே கேட்டுவிட்டார். பக்கத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த உலகம்மை திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மனிடம் மட்டும் அவரால் கேட்க முடியாது. கழுத்தை லேசாகச் சாய்த்து, “சொல்லு, கேக்கேன்” என்பது போல நிற்கிற அம்மன். பிரமுவும் கதவோரம் அப்படித்தான் நிற்பாள். தண்ணீரை வைத்துவிட்டு அவசரமாக நகர்ந்துவிடுவார்.

இப்படியே மழைக்காலம் ஒன்று போய், வெயில் காலமும் வந்துவிட்டது.

---

சன்னதிகளின் மேல்தளம் வெடித்திருந்தது. திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்த வேண்டும் என்று ஊரார் சேர்ந்து முடிவெடுத்தார்கள்.

உளியும் சாந்துமாகக் கொத்தனார் வேலை செய்யும்போது சாமியை அங்கேயே வைத்திருக்க முடியாது. அதற்குத்தான் பாலாலயம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. கல்லில் இருக்கிற சாமியை மந்திரம் சொல்லி, தர்ப்பைக் கயிறு வழியாகத் தண்ணீர்க் குடத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வேலை முடிகிறவரைக்கும் சாமி குடத்தில். பூசை, படையல் எல்லாம் குடத்துக்குத்தான். கல் வெறும் கல்.

குருக்கள் ஒருவர் வந்தார். பெருமாளுக்கென்று பட்டர் ஒருவர் வந்தார். ஐந்து செப்புக் குடங்களுக்கு நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்துத் தயார் செய்தார்கள். குடங்களைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்குக் கடை ஞாபகம் வந்துவிட்டது.

“இந்த மாதிரி எத்தனை குடம் வித்திருப்பேன். கல்யாணச் சீருக்குக் கொண்டு போவாவ” என்றார் உலகம்மையிடம்.

“சாமி குடியிருக்கக் குடம் வேணும்னு யாராவது கேட்டிருக்காவளா?”

“கேட்டிருந்தா கனமான குடமாப் பாத்துக் குடுத்திருப்பேன்.”

கயிற்றின் ஒரு நுனி கல்லைத் தொட்டது. மறு நுனி குடத்தைத் தொட்டது. மந்திரம் முடிந்தது. குருக்கள் கல்லின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினார். ஐந்து குடங்களும் ஊர்வலமாகப் போய், வாசல் பக்கம் போட்ட ஓலைக் கொட்டகையில் அமர்ந்தன.

“அண்ணாச்சி, இனி கொட்டகை உங்க பொறுப்பு. குடத்துக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கிடுங்க” என்றாள் உலகம்மை.

“நானா? கும்பிடாதவனையா காவலுக்குப் போடுதீய?”

“கும்பிடுறவுக கண்ணை மூடிக்கிடுவாவ. காவலுக்குக் கண்ணு முழிச்சிருக்கிற ஆளுல்லா வேணும்.”

---

பழக்கம் இருக்கிறதே, அது பொல்லாதது. மாடு கூடத் தொழுவத்தை இடம் மாற்றினால் பழைய இடத்தில்தான் போய் நிற்கும்.

விடிந்ததும் ஆற்றில் தண்ணீர் எடுத்தார் ஆவுடையப்பன். கால்கள் கொட்டகைக்குப் போகவில்லை. தம்பாட்டுக்குப் பழைய சன்னதிக்குப் போயின. குடத்தை இறக்கி வைத்தார். வெள்ளைத் துணி போர்த்திய உருவத்தின் முன்னால் நின்றார்.

அம்மன் சன்னதி.

துணி முகத்தை மறைத்திருந்தது. அந்தச் சாய்ந்த கழுத்து தெரியவில்லை. அதனாலோ என்னவோ, அத்தனை காலமும் அங்கே வாய் வராத மனுஷனுக்கு அன்றைக்கு வாய் வந்தது.

“தாயே, நீயா இருந்தாலும் சரி, வேற யாரா இருந்தாலும் சரி. இனி அதைக் கேக்கல. சண்டையும் இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லிரு.”

குரல் இறங்கிவிட்டது.

“அவ தனியாவா போனா?”

அவர் கேட்டபடி நின்றார். இத்தனை நாள் கேட்டதெல்லாம் கேள்வியே இல்லை, இதுதான் கேள்வி என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடியில் நின்றது.

“அண்ணாச்சி, அங்க யாரும் இல்லியே!”

சாரத்தின் மேலிருந்து குரல் வந்தது. கொத்தனார் பால்துரை. சாந்துச் சட்டியோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாமிகளெல்லாம் கொட்டகையில இல்லா இருக்காவ. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், எனக்கே தெரியுது. நீங்க வெறுங்கல்லுகிட்ட நின்னு பேசுதீய!”

கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். கிழவரின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் சொல் விழுந்துவிட்டது.

---

உலகம்மை அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் விறுவிறுவென்று வந்து எதிரில் நின்றார்.

“தாயி, நெஞ்சுல இருந்ததை எல்லாம் கொட்டிட்டேன். வெறுங்கல்லுகிட்ட.”

“ம்.”

“பாத்தாத் தெரியல. சாமி இருந்தப்பவும் அதே கல்லுதான். இல்லாதப்பவும் அதே கல்லுதான். நான் பாத்திரக் கடைக்காரன். குடம் காலியா இருக்கா, நெறஞ்சிருக்கான்னு ஒரு சுண்டு சுண்டினாச் சொல்லிருவேன். கல்லை எப்படிச் சுண்டிப் பாக்க?”

“எனக்கும் தெரியாதே அண்ணாச்சி.”

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈர விறகு புகைந்தது. புகைக்குள் அவருக்கு ஏதோ தட்டுப்பட்டது.

“அப்போ அன்னைக்கு நான் போனேனே… அங்கயும் இப்படித்தானா?”

உலகம்மை ஊதுகுழலை எடுத்தாள்.

“அஞ்சு கோவில்லயும் ஆளில்லாமத்தான் இருந்துச்சா? வெறுங்கல்லு முன்னாலயா நான் நின்னு அழுதேன்?”

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“இல்லேன்னா எங்க போயிருந்தாவ? அஞ்சு பேரும் ஒரே நாள்ல எங்க போவாவ?”

“நல்லா இருக்கே கதை! ஒரு வீட்டுக்குப் போறோம். வீட்டுக்காரவுக இல்ல. எங்க போயிருக்காவன்னு யாருகிட்ட கேப்போம்? என்கிட்டயா வந்து கேப்பீய? பக்கத்து வீட்டுல இல்லா கேக்கணும்.”

சொல்லிவிட்டு அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

ஆவுடையப்பனுக்கு வந்ததே கோபம். சின்னப் பெண் என்றும் பாராமல் தாயி என்று கூப்பிட்டு, தண்ணீர் சுமந்து, காலத்தைக் கழித்து, கடைசியில் கிடைத்தது ஒரு விடுகதை. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதைதான்.

“நான் போறேன்” என்றார்.

“சாப்பிட்டுட்டுப் போங்க.”

“வேண்டாம்.”

“சரி, நான் அக்கரைக்குப் போயிக் கும்பாபிஷேகத்துக்கு நெல்லு சொல்லிட்டு வரணும். அதுவரைக்கும் குடத்துக்குக் காவல் இருங்க. நான் வந்ததும் போங்க.”

அதற்கு அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

---

மத்தியானத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழை சொல்லிக்கொண்டா வரும்? பால்துரை சாந்தை மூடிவிட்டு, “அண்ணாச்சி, காத்து அடிக்கப் போவுது” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க ஓடினான்.

ஆவுடையப்பன் தன் அறையில் மூட்டை கட்டி முடித்திருந்தார். துணிப்பையைத் தோளில் மாட்டி, பாயைக் கக்கத்தில் இடுக்கி, உலகம்மை வந்ததும் கிளம்பிவிடலாம் என்று வாசலுக்கு வந்தார்.

அப்போதுதான் கொட்டகையின் கூரை எழும்பியது.

ஒரு பக்கத்து ஓலை முழுசாகப் பிய்ந்து அரளிச் செடி மேல் போய் விழுந்தது. மழை சரமாரியாக உள்ளே இறங்கியது. குடங்களின் மேல் சாமிக்கு ஒரு நிறமாகக் கட்டியிருந்த பட்டுத் துண்டுகள் காற்றில் பறந்து எங்கேயோ போயின. ஒரு மூங்கில் கால் சரிந்து, ஓரத்துக் குடத்தின் மேல் சாய இருந்தது.

பையையும் பாயையும் அறைக்குள் எறிந்துவிட்டு ஓடினார்.

தொடலாமா கூடாதா என்று யோசிக்க நேரமில்லை. குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்றால் குளியல் மழையிலேயே ஆகிவிட்டது. மூங்கிலைத் தோளால் தாங்கிக்கொண்டு, முதல் குடத்தை வயிற்றோடு அணைத்துத் தூக்கினார். தேங்காய் ஆடியது. தாடையால் அழுத்திக்கொண்டார். வழுக்குகிற மண்ணில் ஒவ்வொரு அடியாக வைத்து அறைக்குக் கொண்டுவந்தார்.

எந்தச் சாமி என்று பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. துண்டு போன பிறகு ஐந்து குடமும் ஒன்று போலத்தான்.

நல்ல கனம். கடைசி நாட்களில் பிரமுவை இப்படித்தான் தூக்கிப்போய் வெயிலில் உட்கார வைப்பார். அவள் இந்தக் கனம்கூட இல்லை.

அறையில் வைக்கப் போனால் இடமில்லை. கதவு வழியாகச் சாரல் அடித்துத் தரையெல்லாம் ஈரம். ஓட்டு இடுக்கிலிருந்து ஒழுகிச் செம்மண் கரைந்து ஓடியது. சேற்றிலா சாமியை வைப்பது? குடத்தை இடுப்பில் வைத்தபடி சுற்றும்முற்றும் பார்த்தார். சாக்கு நனைந்திருந்தது. வேட்டி நனைந்திருந்தது.

மூலையில் பாய் கிடந்தது.

ஒரு கணம் நின்றார். அப்புறம் குனிந்து, ஒரு கையால் முடிச்சைப் பிடித்து இழுத்தார். பிரமு போட்ட முடிச்சு. அது வராமல் அடம்பிடித்து, பல்லால் கடித்ததும் அவிழ்ந்தது. காலால் உதறிச் சுவரோரம் மேடான பக்கமாக விரித்தார். பூச்சி அண்டாமல் இருக்க அவள் உள்ளே போட்டு வைத்திருந்த வேப்பிலை, சருகாக உதிர்ந்தது.

கோரை வாசனை வந்தது. அவருடைய வீட்டு வாசனை.

குடத்தைப் பாயில் வைத்தார். ஓடினார். அடுத்ததைத் தூக்கி வந்தார். வைத்தார். மறுபடியும் ஓடினார். மூச்சு இரைத்தது. ஏதாவது ஒன்று கீழே விழுந்து விடுமோ என்ற பயத்தைத் தவிர வேறெதுவும் அந்த நேரத்தில் மனசில் இல்லை. எதை முதலில் எடுப்பது, எதை விட்டுவிடுவது என்கிற பேச்சே அங்கே எழவில்லை.

கடைசிக் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது பின்னால் கொட்டகை படுத்துவிட்டது.

“வாங்க, வாங்க” என்றார், குடத்திடம். இரைக்கிற மூச்சோடு, ஈரம் சொட்டுகிற விருந்தாளியிடம் சொல்வது போல. “உள்ள வாங்க. எல்லாரும் வந்தாச்சா? உக்காருங்க, உக்காருங்க. பாய் விரிச்சிருக்கேன்.”

“யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்கீய அண்ணாச்சி?”

திரும்பினார். வாசலில் உலகம்மை நின்றாள். மழையில் ஊறி, ஆற்றைக் கடந்து ஓடி வந்திருந்தாள். சொர்ணம் அன்றைக்குக் கேட்ட அதே கேள்வி.

பாயைப் பார்த்தார். பிரமுவின் பாய். வீட்டு ஆட்கள் யாரும் உட்காராத பாய். அதன் மேல் ஐந்து பேரும் நனைந்துபோய் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆவுடையப்பனின் உதடு அசைந்தது. பிரமு அன்றைக்குச் சொன்ன சொற்களை அவர் உள்ளுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க வாங்க. உள்ள வாங்க. உக்காருங்க.

தரையில் உட்கார்ந்தார். சேற்றிலேயே உட்கார்ந்தார். கைகள் இரண்டும் எப்போது கூடின என்று அவருக்கே தெரியவில்லை.

அப்படியே உலகம்மையின் பக்கம் திரும்பினார்.

“தாயி, ஒரு செம்புத் தண்ணி கொண்டாங்களேன்.”

“தாகமா இருக்கா அண்ணாச்சி?”

“எனக்கில்ல” என்றார். தோள் துண்டைப் பிழிந்து, பக்கத்தில் இருந்த குடத்தின் ஈரத்தை மெல்லத் துடைத்தார்.

“அன்னைக்கும் இவுகளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல.”